பச்சைக் காரின் அடிப்பக்கம்

பெரிய மச்சான் நேற்றுக் காலை அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதிலிருந்து என் கைபேசி ஓயவில்லை. அறுபதை எட்டிப் பார்க்கிற ஆட்கள் நீங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இதயமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறீர்கள். "அப்பா தன்ர உயிருக்குயிரான ஸ்போர்ட்ஸ் காரை மாமி குடும்பத்துக்குக் குடுத்த நாள். திருகோணமலை, சண்டைக் காலம். அப்பாவின்ர மனசு ஆருக்கு வரும்?" என்று மச்சான் எழுதியிருக்கிறார். மாமி என்றது என் அம்மாவை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: "பதிலுக்கு மாமி ஆக்கள் தந்த ஆமைக் கார் கொழும்பில எட்டு வருசம் எங்களைச் சுமந்தது. அதையும் மறக்கேலாது."

சின்ன மச்சாள் சும்மா இருப்பாளா? "மாமி மகளின்ர கையை எவ்வளவு ஆசையாப் பிடிச்சிருக்கிறா பாருங்கோ" என்று அவள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மச்சாள், உங்கட பாவாடையில படம் பழுதாகிப் புள்ளி விழுந்திருக்கு. மகனிட்டக் குடுத்துக் கொம்பியூட்டரில அழிச்சுத் தாறன்" என்றாள். என் தம்பிகூட ஒரு இதயம் போட்டிருக்கிறான். அவனுக்கு அப்போது ஐந்து வயது, அவனை விடுங்கள்.

நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. இப்போது போடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் பூனைப் படம் பார்க்கப் போகலாம்.

நீங்கள் அப்போது உட்துறைமுக வீதியில் இருந்தீர்கள். கடற்காற்று நேரே வந்து முகத்தில் அறைகிற வீடு. யன்னல் கம்பியில் நாக்கை வைத்தால் உப்புக் கரிக்கும். நாங்கள் வைத்துப் பார்த்திருக்கிறோம். எங்கள் வீடு உள்ளே தள்ளி அன்புவழிபுரத்தில். என் அப்பா துறைமுகப் பண்டகசாலையில் கிளாக். உங்கள் அப்பா, அதாவது என் அம்மாவின் ஒரே அண்ணன், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற வியாபாரி. இந்த இரண்டு பேருக்கும் ஆகாது. அம்மாவின் கலியாணப் பந்தலில் மாமா நாலு பேர் கேட்க, "மாப்பிள்ளை கப்பலில வேலை எண்டு நினைச்சம், பாத்தால் ஆணி எண்ணுற வேலை" என்று சொல்லிச் சிரித்தாராம். அப்பா அதை ஒரு நாளும் மறக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், அதே கதிரையில் இருந்து, மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டும் கதைத்துவிட்டு எழும்பி வந்தார்கள்.

எங்களிடம் இருந்தது வளைந்த முதுகுள்ள பழைய நாலு கதவுக் கார். அயலில் எல்லோரும் அதை ஆமை என்றுதான் சொல்வார்கள். பின் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். உள்ளே பெற்றோலும் கருவாடும் தம்பியின் நெஞ்சில் தேய்க்கிற யூக்கலிப்ரஸ் எண்ணெயும் கலந்து ஒரு மணம். வடிவென்று சொல்ல அதில் ஒரு மண்ணும் இல்லை. ஆனால் தம்பிக்கு இழுப்பு வந்தால், அவனைப் பின் சீற்றில் அம்மாவின் மடியில் நீட்டிக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வாகனம் அதுதான். மாதத்தில் இரண்டு தரமாவது ஓடுவோம். அது ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

மாமாவின் கார் வேறு சாதி. கடும் பச்சை. இரண்டே இரண்டு சீற், துணிக் கூரை, நீண்ட மூக்கு, கம்பிச் சில்லு. கடற்படைத் துரைமார் துறைமுகத்தை விட்டுப் போவதற்கு முந்தின வருடங்களில் ஒரு துரை அதைக் கடற்கரை வீதியில் ஓட்டித் திரிந்தானாம். மழை விட்ட ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருந்த என் அப்பாவின் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனானாம். சட்டையைப் பழுதாக்கினதற்கு வீட்டிலும் அடி. "எண்டைக்கோ ஒரு நாள் அந்தச் சீற்றில நான் இருப்பன் எண்டு அண்டைக்கு நினைச்சனான்" என்பார் அப்பா. மழை இருட்டினாலே எங்களுக்கு இந்தக் கதைதான். துரை விற்றுவிட்டுப் போன கார் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது யாரிடம்? என் அப்பாவை ஆணி எண்ணுகிறவர் என்று சொன்ன மனிதரிடம். மாமா அதை ஞாயிறு தோறும் துடைப்பார். அப்பாவை ஒரு நாள் ஏறி இருக்கச் சொன்னதில்லை.

அந்த வருடம் மாரி முடிந்த கையோடு உங்கள் வீதியில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. பெரிய மச்சானுக்குப் பதினேழு வயது. பிடித்துக்கொண்டு போய் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அடுத்த முறை விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் போனால் சென்றிக்குச் சென்றி, அதாவது ஆமி மறிக்கிற இடமெல்லாம், இறக்கிப் பொடியன்களைத் தனியாக நிறுத்துவார்கள். சொந்தக் காரில், பெண்கள் பிள்ளைகளோடு குடும்பமாகப் போனால் அவ்வளவு கெடுபிடி இல்லை என்று ஊரில் ஒரு கதை. மாமாவிடம் இருந்ததோ இரண்டு பேர் இருக்கிற கார். நீங்கள் ஐந்து பேர்.

ஒரு கிழமைக்குள் ஆள் வந்தது. மாமா காரை மாற்றிக்கொள்ளச் சம்மதமாம். பச்சைக் கார் எங்களுக்கு, ஆமை அவர்களுக்கு. அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல்லு முழுக்கத் தெரிந்தது.

அம்மா பிடித்தார் சண்டை. முதல் நாளோடு இரண்டு பேரும் நேரே கதைப்பதை விட்டுவிட்டார்கள். நடுவில் நான். ஒரே மேசையில் புட்டைக் குழைத்துக்கொண்டு இருப்போம். அம்மா சொல்வார்: "பிள்ளை, உன்ர அப்பாட்டக் கேள், ரெண்டு பேர் இருக்கிற காரில நாலு பேர் எங்க இருக்கிறதெண்டு."

"உன்ர அம்மாட்டச் சொல்லு, சீற்றுக்குப் பின்னால ஒரு தட்டு இருக்கு, பிள்ளையள் குந்தலாமெண்டு."

"தட்டில அடுக்க அதுகள் என்ன கோப்பையோ எண்டு கேள். இவனுக்கு இழுப்பு வந்தால் எங்க கிடத்துறது? மூக்கிலயோ?"

"உன்ர அம்மான்ர அண்ணனுக்கு என்ர காரைச் சும்மா குடுக்கச் சொல்லுறாவோ எண்டு கேள். ஒரு சில்லும் குடுக்க மாட்டன். மாத்துறதெண்டால் மாத்துவன்."

நான் வாய் திறக்கத் தேவையில்லை. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் "என்ன ஊமையோ?" என்று இரண்டு பக்கத்தாலும் ஏச்சு.

கார் பார்க்கப் போன நாள் ஒரு சனிக்கிழமை காலை. எல்லோரும் ஆமையில் ஏறிப் போனோம். அம்மா வந்தது காரைப் பழுது சொல்லி மாற்றத்தை உடைக்க. அப்பா ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். கைநகம் பத்திலும் கறுப்பு எண்ணெய், சிரிக்கத் தெரியாத மனிதர். மாமாவின் கார்க் கொட்டிலில் அவர் காரின் மூக்கைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நிற்பாட்டச் சொல்லி, பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்குகிற ஆம்பிளைக் குரல். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்.

"எஞ்சின் சோக்கா இருக்கு ஐயா. கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், பறவாயில்லை" என்றார் மெக்கானிக். "ஆனால் இப்பிடிப் பழைய காரில எஞ்சினைப் பாத்து மயங்கக் கூடாது. எஞ்சின் செத்தால் வேற போடலாம். அடி செத்தால் கார் இல்லை. கராஜுக்குக் கொண்டு வாங்கோ, குழியில விட்டுப் பாத்துச் சொல்லுறன்."

மாமாவுக்குக் கோபம் ஏறியது. "கராஜுக்கு எப்பிடி? ரெண்டு சென்றி தாண்டவேணும். இதைக் கண்டால் அவங்கள் விடுவாங்களே? தங்கட பெரியவருக்கெண்டு இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்."

"அப்ப நான் ஒண்டும் சொல்லேலாது."

அப்பா டோர்ச்சை வாங்கி முழங்காலில் நின்று குனிந்தார். வயிறு இடித்தது. கார் நிலத்தோடு அவ்வளவு பதிவு. பெரிய ஆட்கள் அடியில் நுழைய ஏலாது. கன்னத்தை நிலத்தில் வைத்து ஒரு பக்கத்தால் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எழும்பும்போது முகம் பூரித்துப்போய் இருந்தது.

"டொக்யாட் பெயின்ற்!" என்றார்.

"பின்னே? கப்பலுக்கு அடிக்கிற சாமான். ரெண்டு கை அடிச்சுக் கிடக்கு" என்றார் மாமா.

இதைக் கனடாவில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது. நம் துறைமுகக் குடும்பங்களில் படலை, யன்னல், கட்டில் கால், கிணற்று வாளி, கோழிக்கூட்டுக் கதவு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கடற்படைக் கப்பலுக்கு அடித்து மிஞ்சின பெயின்ற் என்று அதற்குப் பெயர். எப்படி மிஞ்சியது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பெயின்ற் ஒரு கை விழுந்தால் துரு கிட்டவும் வராது என்பது எங்களுக்கு வேதவாக்கு. கப்பலே அந்தப் பூச்சோடுதானே உப்புத் தண்ணியில் கிடக்கிறது! கப்பலில் அதை அடிக்க முன்னம் ஒரு பட்டாளம் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு நாட்கணக்காகத் துருவைச் சுரண்டுகிறார்கள். அதை எல்லோரும் கண்ணால் கண்டவர்கள், அப்பா தினமும் கண்டவர். சுரண்டலை மறந்துவிட்டுப் பூச்சை மட்டும் நம்பினார்கள்.

மெக்கானிக் துறைமுகத்து ஆள் இல்லை, பாலையூற்றுக்காரர். "பெயின்ற்தான் தெரியுது ஐயா. இரும்பு தெரியேல்லை" என்றார்.

"துறைமுகத்தில நிண்டு நரைச்சவன் நான். எனக்குப் பெயின்ற் படிப்பிக்கிறீரோ?"

"உங்கட கார், உங்கட விருப்பம்." மெக்கானிக் துணியில் கையைத் துடைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு மூளையுள்ள ஆள் அவர் ஒருவர்தான், அவரையும் கலைத்துவிட்டோம்.

ஆனாலும் அவர் சொன்னது அப்பாவை அரித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். எனக்குப் பதினொரு வயது, ஒல்லிக்குச்சி. "பிள்ளை, நீ ஒருக்காப் பூந்து பாத்திட்டு வா. எங்கயாவது ஓட்டை கீட்டை இருக்கோ எண்டு" என்று டோர்ச்சைத் தந்தார். தந்துவிட்டுத் தான் போய் ஓட்டுநர் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். மாமா மறிக்கவில்லை, திரும்பி நடந்தார். அவர் குசினிப் பக்கம் போனதைக் கண்டேன்.

நான் மல்லாக்கப் படுத்து முதுகால் ஊர்ந்து போனேன். மண்ணெண்ணெயும் பூனை மூத்திரமும் மணத்தது. முகத்துக்கு ஒரு சாண் மேலே அந்தச் சாம்பல் நிறத் தகடு. டோர்ச் வெளிச்சத்தில் மழமழவென்றுதான் இருந்தது. அப்பா மேலே இருந்து ஸ்டியரிங்கைத் திருப்பி, பெடலை மிதித்து, வாயால் "ர்ர்ர்" என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர். அவர் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தகடு என் மூக்கை நோக்கிப் பதிந்து பதிந்து எழும்பியது. இரும்பு அப்படிப் பதியாது என்று எனக்கே தெரிந்தது. தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் குத்தினேன். பழுத்த பப்பாசியில் போகிற மாதிரிப் போனது. மற்றப் பக்கத்தில், அம்மா இருக்கப் போகிற பக்கத்தில் குத்தினேன். அங்கே இன்னும் மோசம். விரலால் பிடித்து இழுக்க, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு உரிந்து வந்தது. ஒரு பக்கம் சாம்பல் பெயின்ற், மற்றப் பக்கம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று துரு. வாயெல்லாம் துருத்தூள்.

அப்பாவுக்குக் காட்டத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். இதை நம்புங்கள். ஆனால் ஊர்ந்து வெளியே வந்த பக்கம் குசினி வாசல். உள்ளே மாமாவின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை, அழுதுகொண்டிருந்தார்.

"அவன் கேட்டால் தாற மனுசனே? மாத்தினால்தான் உண்டு. நீ குறுக்க நிக்காதை. அடுத்த முறை என்ர பெடியனைக் கொண்டுபோனால் திருப்பித் தரமாட்டாங்கள். ரெண்டே ரெண்டு கிழமை. எங்களைக் கொழும்பில இறக்கின கையோட ஒரு ஆளை வைச்சுக் காரைத் திருப்பி அனுப்பிவிடுறன். உன்ர தலையில அடிச்சுச் சத்தியம்."

"சத்தியம் ஒண்டும் வேண்டாம். அனுப்பிவிடுங்கோ அண்ணை" என்றார் அம்மா.

மாமா முன்பக்கத்தால் போய்விட்டார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் கையை விரித்துக் காட்டினேன். அம்மா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார். துறைமுகக் கிளாக்கின் மனைவிக்கு அது என்னவென்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு கிழமையாக இப்படியான ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். இதோ கிடைத்துவிட்டது. அதைக் கொண்டுபோய் அப்பாவின் முகத்தில் எறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"அடியெல்லாம் நல்லாயிருக்கெண்டு அப்பாட்டச் சொல்லு."

"இல்லையம்மா, உதிருது. கிளிப்பால குத்த..."

"சொல்லு எண்டனெல்லே!"

ஒரு கிழமையாக இரண்டு பேருக்கும் நடுவில் கதை காவிக்கொண்டு திரிந்தவள் நான். இதையும் காவிக்கொண்டு போனேன். அப்பா சீற்றில் இருந்தபடியே, "என்ன பிள்ளை, எப்பிடி?" என்றார். "அடியெல்லாம் நல்லாயிருக்கப்பா" என்றேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

உடனே பெரிய மச்சான் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "எல்லாரும் காருக்குப் பக்கத்தில நில்லுங்கோ, சிரியுங்கோ!" அதுதான் இந்தப் படம். மாமாவும் அப்பாவும் தோளில் கை போட்டபடி நிற்கிற ஒரே படம். அம்மா என் மூடின கையை விடவேயில்லை.

மறுநாள் விடிய நீங்கள் ஆமையில் போனீர்கள். சின்ன மச்சாள் பின்கண்ணாடியால் கை காட்டினாள். உங்களைக் கந்தளாய் வரைக்கும் ஐந்து இடத்தில் மறித்தார்களாம், ஒருவரையும் இறக்கவில்லையாம். நல்லது. பெரிய மச்சான் உயிரோடு இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போனதும் அம்மா எங்கள் தேயிலைப் பெட்டியின் பலகை மூடியைக் கழற்றினார். பழந்துணி போட்டு வைத்திருந்த பெட்டி. என்னை ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மூடியை அப்பாவின் கால் வைக்கிற பக்கத்தில் அளவாகச் செருகி, விரிப்பால் மூடினார்.

"உங்கட பக்கம்?" என்றேன்.

"மூடி ஒண்டுதானே. நான் எங்க போகப் போறன்? ரெண்டு கிழமையில எங்கட கார் வந்திடும்."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கடற்கரை வீதியில் ஓட்டினார். கூரையை மடித்துவிட்டார். காற்று என் பின்னலைப் பிய்த்தது. அப்பா பாட்டுப் பாடினார். தெருவோரத்தில் மழைத் தண்ணீர் நின்ற இடத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பெடியள் வர, அவர் காரை மெல்ல விட்டு, அவர்கள் கடந்து போகும்வரை நிறுத்தி வைத்திருந்தார். நான் போன பாதை முழுக்க இரண்டு காலையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். "ஏன் பிள்ளை குந்திக்கொண்டு இருக்கிறாய்? காலை நல்லா நீட்டு" என்றார். "குளிருதப்பா" என்றேன். பொய் சொல்வது ஒரு தரம் பழகினால் பிறகு கஷ்டமில்லை.

இரண்டு கிழமை போனது. மூன்று போனது. தெருவில் எந்தக் கார் வந்தாலும் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டுப் படலையைப் பார்ப்பார். பச்சைக் காரில் ஏறவே மாட்டார். "பவிசு காட்டுறாவாம்" என்று அப்பா என்னிடம் சொல்லி அனுப்புவார்.

நாலாவது கிழமை ஒரு நாள் முற்பகல் சந்தைப் பக்கம் புகை எழும்பியது. இரண்டு மணிக்கு ஊரடங்கு என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்துத் தம்பிக்கு இழுத்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அப்பா வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்திருந்தார். "ஏறு, ஏறு!" என்று கத்தினார். என்னைத் தனியே விட ஏலாது, பின்தட்டில் செருகினார்கள். அம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு தம்பியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி இருந்தார். நான் வாயைத் திறந்தேன். "பேசாமல் இரு" என்றார் அம்மா.

கண்டி வீதிச் சென்றியில் தார்ப் பீப்பாய் அடுக்கி, தெருவுக்குக் குறுக்கே மண்மேடு போட்டு வைத்திருந்தார்கள். அப்பா அவசரத்தில் வேகமாக ஏற்றி இறக்கினார். தகரம் கிழிகிற சத்தம். அம்மாவின் சீற் சரிந்து கீழே போனது. அவர் தம்பியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தார், தன்னைப் பிடித்துக்கொள்ளக் கையில்லை. இடது கால் தகட்டுக்குள்ளால் போய்த் தெருவில் இழுபட்டது. அப்பா பிரேக் போட்டு நிற்பாட்டுவதற்குள் இருபது முப்பது அடி. அம்மா கத்தவில்லை. கத்தினது நான்.

சென்றியில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். காருக்கு வெளியே கால் தெரிகிறதென்று ஒருவன் விரல் நீட்டிக் காட்டினான். பிறகு இரத்தத்தைக் கண்டு துவக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்ததும் அவன்தான். வந்த பேக்கரிப் பாண் வானை மறித்து, பாண் தட்டுகளை இறக்கி எங்களை ஏற்றிவிட்டான். தம்பி சூட்டுப் பாணுக்கு நடுவில் கிடந்து மூச்சு இழுத்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு அன்றைக்கே சரியாகிவிட்டது. அம்மாவுக்கு மூன்று விரல்களை எடுத்தார்கள், குதிக்காலிலும் பாதி.

அம்மா கட்டிலில் கிடக்கும்போது மாமாவின் கடிதம் வந்தது. ஆமை கந்தளாயில் பழுதாகி நின்றுவிட்டதாம், அப்படியே விட்டுவிட்டு லொறியில் போனார்களாம், மன்னிக்கச் சொல்லி எழுதியிருந்தார். அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார். "பாவம் அண்ணை, பிள்ளைகளோட என்ன பாடு பட்டாரோ" என்றார். நேற்று வரைக்கும் நானும் அதை நம்பினேன். கொழும்பில் எட்டு வருடம் ஓடின கார் கந்தளாயில் எப்படிப் பழுதானது, பெரிய மச்சான்? ஆறுதலாக யோசித்து எழுதுங்கள்.

பச்சைக் காரைச் சென்றிக்காரர் தெருவோரம் தள்ளி, மண்மூட்டை அடுக்கித் தங்கள் மறைப்பாக்கிக்கொண்டார்கள். வருடக்கணக்காக அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். பச்சை முழுக்க உதிர்ந்துபோனது. சாம்பல் பெயின்ற் மட்டும் தோல் மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றது.

ஒரு தரம் சாமான் எடுக்கப் போனபோது அப்பா தன் பக்கத்து விரிப்புக்குக் கீழே பலகையைக் கண்டார். வந்து அம்மாவிடம் நேரே சொன்னார். அந்த விபத்துக்குப் பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. "இஞ்சேர், உன்ர அண்ணை நல்லவரப்பா. எனக்குக் கால் வழுக்கக் கூடாதெண்டு பலகை போட்டுத் தந்திருக்கிறார். மற்றப் பக்கத்தை அவருக்கும் தெரிஞ்சிருக்காது. மெக்கானிக் தலையால அடிச்சுச் சொன்னவன், நான்தான் கேக்கேல்லை. உன்ர காலைத் திண்டது நான்தான்."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் அப்பா இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தார். பின்னேரம் தோறும் உப்புப் போட்ட வெந்நீரில் அம்மாவின் காலைக் கழுவித் துடைப்பார். பழைய டயர் ரப்பரில் அந்தக் காலுக்கென்று தானே செருப்பு வெட்டிக் கொடுப்பார். கார் என்ற சொல்லையே எடுக்க மாட்டார். சின்னப் பிள்ளைகள் மாதிரி அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பார். அம்மா காலை நீட்டிக்கொண்டு இருப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அப்பாவின் எட்டுச் சடங்கு முடிந்த அன்று கேட்டேவிட்டேன். "கடைசி மட்டும் அந்தாளிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையேம்மா. உங்களுக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கோ?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நான் சொல்லச் சொன்னனான்" என்றார். "சொன்னது ஆர்? நீதானே."

அதோடு நானும் என் அம்மாவும் கதைத்தது முடிந்தது. இருவரும் ஒரே வீட்டில் இன்னும் மூன்று வருடம் இருந்தோம். சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன், காலும் கழுவினேன். போகும்போதுகூட அவர் கேட்டது உங்கள் அப்பாவின் படத்தைத்தான்.

பலகையை அப்பாவின் பக்கத்தில் வைத்ததும் இதே அம்மாதான். அதை நினைக்கும்போது என்னால் ஒழுங்காக வெறுக்கவும் முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து உங்கள் தலையில் கொட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அம்மா ஆசையாகப் பிடித்திருக்கிற கை என்று எழுதினாயே சின்ன மச்சாள், பார். அவரின் பெருவிரல் நகம் வெள்ளையாகிப்போய் இருக்கிறது, அவ்வளவு அழுத்தம். உள்ளே என் விரல்களுக்குள் அந்தத் துண்டு இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க அதன் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தது. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. வேண்டுமென்றால் அதையும் படம் பிடித்துப் போடுகிறேன், இதயம் போடுங்கள்.

பாவாடையில் இருப்பது படத்தின் பழுது இல்லை. அது என் கையிலிருந்து சொட்டினது. மகனிடம் சொல், அதைத் தொட வேண்டாமென்று.